ப்ரிகோவா, பூலான்ஜேயா? இரண்டுமே சரிதான்

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை முதலில் நடத்திய பெண் (அதாவது, மேடையில் முன்னே நின்று குழுவை இயக்கும் கண்டக்டர்) ப்ரிகோ என்று ஒரு தளமும் நாடியா பூலான்ஜே என்று இன்னொன்றும் சொல்வதாகவும், மகளின் பள்ளிப் பேச்சில் எதை எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக அந்தோனியா ப்ரிகோ என்றே எழுதுங்கள். அவர் அந்தக் குழுவை நடத்தியது 1938 கோடையில், நியூயார்க்கின் லூயிசோன் மைதானத்தில்; திறந்தவெளிக் கச்சேரி அது. பூலான்ஜே 1939 பிப்ரவரியில் கார்னகி அரங்கில் நடத்தினார். மைதானக் கச்சேரியைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பூலான்ஜே பெயரைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பேச்சை 'முதல் பெண்' என்பதோடு நிறுத்தினால் சப்பென்று இருக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்த ப்ரிகோ, 1930இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். அப்புறம் நியூயார்க்கில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் இசைக்குழுவைத் தொடங்கினார். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான்: அதில் ஆண்களையும் சேர்த்தார். பெண்கள் குழு என்ற புதுமை போனதும் ஆதரவும் வற்றிவிட்டது. டென்வருக்குப் போய் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அங்கே படித்த மாணவி, பாடகி ஜூடி காலின்ஸ், 1974இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த பிறகு பெரிய மேடைகள் மறுபடி கூப்பிட்டன. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.