மதுச்சாலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஊழியர்கள் உண்மையில் என்ன செய்வார்கள்?

யாழ்ப்பாணத்தில் எங்கே ஐயா இரவு விடுதி என்று சிலர் சிரிப்பார்கள். கொழும்பைப் போல இங்கே நடன விடுதிகள் வரிசையாக இல்லைதான். தங்குவிடுதியோடு ஒட்டிய மதுச்சாலை, முற்றத்து மாமரத்தின் கீழ் ஏழெட்டு மேசை, இரவு மூடும்வரை சனம். அப்படி ஒரு விடுதியில் நான்கு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேள்விக்கு நேர்ப் பதில்: முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆட்களுக்கு இரக்கமில்லாமல் அல்ல. "வெறி" என்ற சொல் ஒன்று இருக்கிறது. மதுச்சாலையில் யார் சாய்ந்தாலும் அந்தச் சொல்லைத்தான் முதலில் போர்த்திவிடுவார்கள்.

ஒரு நல்லூர்த் திருவிழாக் காலம். அந்த 25 நாளும் ஊர்க்காரர் பலர் மீன், இறைச்சி என்று மச்சமே தொடமாட்டார்கள். எங்கள் மேசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மைத்துனர்மாரோடு ஏழு மணிக்கு வந்தார். ஒன்பது மணிக்குப் பேச்சுக் குழறியது. பிறகு கதிரையிலேயே சரிந்துவிட்டார். "வெறிதான் தம்பி, சாய்ந்து கிடக்கட்டும்" என்றார் மைத்துனர். நானும் தலையாட்டிவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

குசினியில் வேலை செய்த அக்காதான் வந்து அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சேர்ட் முழுவதும் நனைந்திருந்தது, உடம்பு குளிர்ந்திருந்தது. "இவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா?" என்று அவர் கேட்ட பிறகுதான், மத்தியானம் ஊசி போட்டவர், இரவு ஒன்றும் சாப்பிடவில்லை என்ற கதை வெளியே வந்தது. மேசையில் பொரித்த கச்சான் அப்படியே கிடந்தது.

இதன் காரணம் எளிது. மதுவை முறிக்கும் வேலையில் ஈரல் இறங்கிவிட்டால், இரத்தத்துக்குக் குளுக்கோஸ் விடும் வேலையில் பின்வாங்கும். இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் குடித்தவருக்குச் சீனி கிடுகிடுவென இறங்கும். குழறல், தள்ளாட்டம், வியர்வை எல்லாம் வெறியைப் போலவே இருக்கும். சுயநினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் சீனி கரைத்த தண்ணீர் போதும். நினைவில்லாதவரின் வாயில் சோடாவோ தேசிக்காய்த் தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அன்று ஒருவர் சோடாப் போத்தலோடு குனிந்துவிட்டார்; அக்கா தட்டிவிட்டார்.

அவரைத் தரையில் இறக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். சத்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். அடுத்ததுதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல்: அம்புலன்ஸ் வேண்டாம் என்றார்கள் மைத்துனர்மார். ஒலி கேட்டால் அயல் எழும்பும், பெரியாஸ்பத்திரியில் தெரிந்த நேர்ஸ் யாராவது நிற்பார், விடிவதற்குள் ஊரெல்லாம் கதை. "ஓட்டோவில் மெதுவாகக் கொண்டுபோகிறோம்." நினைவில்லாதவரை ஓட்டோவில் இருத்தினால் தலை நெஞ்சில் விழுந்து மூச்சுப்பாதை மடங்கும் என்பதை அந்த நேரத்தில் யாருக்கு விளக்குவது? நான் விளக்கவில்லை. அம்புலன்ஸ் இலக்கமான 1990 ஐ அழுத்தினேன்.

2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்த சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேசை லாச்சியில் ஒட்டியிருந்தது ஓட்டோக்காரரின் இலக்கம் மட்டும். ஒன்றை அனுபவத்தில் கற்றுக்கொண்டோம்: ஒழுங்கை முகப்பில் ஒரு பையனை டோர்ச்சோடு நிறுத்த வேண்டும். எங்கள் ஒழுங்கைகள் பகலிலேயே ஆளைச் சுற்றவைக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்க ஓடிவருவார்கள். அவர்களைத் தடுத்து, கதிரைகளை நகர்த்தி, நேரத்தைக் கணக்கெடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் தொலைபேசி. கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல், அல்லது குறட்டைபோல இடைக்கிடை இழுத்தால் அது உறக்கமல்ல. உடனே 1990 ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் ஐந்து சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும்.

இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கியவர் சத்தம் போடமாட்டார் என்பது பலருக்குத் தெரியாது. வெட்கப்பட்டு எழுந்து மலசலகூடத்துக்குப் போவார். கையைக் கழுத்தில் வைத்தபடி பேசாமல் எழும்புகிறவரின் பின்னால் ஓர் ஆள் போகவேண்டும் என்பது எங்கள் விடுதியில் எழுதாத சட்டம். முதுகில் ஐந்து அடி. துண்டு வெளியே வராவிட்டால் பின்னால் நின்று மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து தடவை இழுத்து அமுக்குவது.

அன்றைய மனிதர் பிழைத்தார். அம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து, கையில் ஊசி ஏற்றி, கொண்டுபோனார்கள். அவருடைய ஒரு செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. மூன்றாம் நாள் மைத்துனர் வந்து செருப்பை எடுத்துக்கொண்டு, கட்டாமல் போன பில்லையும் கட்டினார். போகும்போது என் காதருகே வந்து, "வீட்டில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம் தம்பி, யாரும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்" என்றார்.