ஜெபத்தை நிறுத்தியது யார்?

கேள்வி: டெக்சாஸில் என் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே சபையில் போதகர் சொன்னது மனதிலேயே நிற்கிறது. "பள்ளிக்கூடத்தில் ஜெபத்தை நிறுத்தினார்கள். அன்றைக்கே அமெரிக்காவில் குடும்பமும் கெட்டது, அரசியலும் கெட்டது. பத்துக் கட்டளைகளைத் திரும்ப வகுப்பறையில் மாட்டினால் எல்லாம் சரியாகும்" என்றார். என் மகனும் அப்படித்தான் நினைக்கிறான். விசுவாசம் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா, ஆசிரியர் ஐயா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்த 'நிறுத்தினார்கள்' கதையைப் பார்த்துவிடலாம் ஐயா. நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் தாங்களே உட்கார்ந்து ஒரு ஜெபம் எழுதி, அதைத் தினமும் காலையில் பள்ளிகளில் சொல்லலாம் என்று அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் 22 சொற்கள். இயேசுவின் பெயர்கூட அதில் கிடையாது. யார் மனமும் புண்படக் கூடாது என்று அரசாங்கக் குழு எழுதினால் ஜெபம் அப்படித்தான் வரும்! பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். ஜெபம் எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை அல்ல என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருஷம், பள்ளியே முன்னின்று நடத்தும் வேத வாசிப்புக்கும் பரமண்டல ஜெபத்துக்கும் அதே தீர்ப்பு. அவ்வளவுதான். ஒரு பிள்ளை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தானாகக் கண்ணை மூடி ஜெபித்தால் அதைத் தடுக்க அன்றும் சட்டமில்லை, இன்றும் இல்லை.

சரி, தீர்ப்புக்கு முந்தைய அமெரிக்கா எப்படி இருந்தது? 1960 நவம்பர் 14, லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் நகரம். ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள் நுழைகிறாள். சுற்றிப் பாதுகாப்புக்கு நாலு மார்ஷல்கள், அதாவது மத்திய அரசுக் காவல் அதிகாரிகள். வாசலில் கூட்டம் கத்துகிறது. ஒரு பெண், சின்னச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையைப் படுக்கவைத்து அந்தக் குழந்தையின் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொருத்தி விஷம் வைப்பேன் என்று மிரட்டியதால், ரூபி வீட்டிலிருந்து கொண்டுபோவதைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, அந்த ஒரே குழந்தைக்கு வருஷம் முழுக்கப் பாடம் நடத்தினார்.

வாசலில் கத்தியவர்கள் நாத்திகர்கள் அல்ல. கோயிலும் ஆராதனையுமாக வாழ்ந்த ஊர் அது. உள்ளே போன குழந்தையும் விசுவாசிதான். தன்னைத் திட்டியவர்களை மன்னிக்கும்படி அவள் தினமும் ஜெபித்தாள். மெதடிஸ்ட் போதகர் ஒருவர், தன் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கூட்டத்தின் நடுவே பள்ளிக்குப் போனார். அவருக்கும் வசவும் மிரட்டலும் கிடைத்தன. ஊரின் கத்தோலிக்கப் பேராயர் ஜோசப் ரம்மல், கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதை எதிர்த்த மூன்று பேரை 1962-ல் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். ஆக, ஒரே வேதத்தைப் படித்தவர்கள்தான் அன்றைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். உங்கள் போதகர் திரும்பிப் போக ஆசைப்படும் காலத்தில் ஜெபத்துக்குப் பஞ்சமே இல்லை.

குடும்பத்துக்கு வருவோம். அதே லூசியானா 1997-ல் 'உடன்படிக்கைத் திருமணம்' என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. விரும்புகிற ஜோடி கல்யாணத்துக்கு முன்பு போதகரிடமோ ஆலோசகரிடமோ ஆலோசனை பெறவேண்டும். சுலபமாக விவாகரத்து கேட்கமாட்டோம் என்று கையெழுத்துப் போடவேண்டும். விபசாரம், அடி உதை, ஒரு வருஷம் கைவிட்டுப் போவது, இரண்டு வருஷம் பிரிந்து வாழ்வது போன்ற காரணம் இருந்தால்தான் விவாகரத்து கிடைக்கும். சில சபைகள் கொண்டாடி வரவேற்றன. அரிசோனாவும் ஆர்கன்சாவும் பின்னால் வந்தன. எத்தனை ஜோடி கையெழுத்துப் போட்டது என்று நினைக்கிறீர்கள்? லூசியானாவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ! அடுத்த வீட்டுக்காரர் விவாகரத்தைப் பற்றி வாய் கிழியப் பேசியவர்கள், தங்கள் கல்யாணத்துக்குப் பேனாவை எடுக்கவில்லை.

இதில் போதகர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகும் அமெரிக்கத் தம்பதிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விவாகரத்து செய்கிறார்கள். தருமத்துக்கும் தொண்டுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் பெயருக்குக் கிறிஸ்தவராக இருந்துகொண்டு கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களிடம் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

அரசியலில் கூத்து இன்னும் பெரிசு. 1980 அதிபர் தேர்தலில் ஒரு பக்கம் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர். ஞாயிறு பள்ளி ஆசிரியர். பதவி போன பிறகும், தொண்ணூறு வயது தாண்டியும், ஜார்ஜியாவில் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊர்ச் சபையில் பாடம் நடத்தியவர். ஒரே மனைவியோடு 77 வருஷம். மறுபக்கம் ரொனால்டு ரீகன். விவாகரத்து ஆகி மறுமணம் செய்தவர். யார்மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்துக்கு 1969-ல் கலிஃபோர்னியா கவர்னராகக் கையெழுத்துப் போட்டவர். குடும்ப ஒழுக்கத்தைக் காப்போம் என்று கிளம்பிய சுவிசேஷ சபைத் தலைவர்கள் யாரை ஆதரித்தார்கள்? ரீகனை. வரி, கருக்கலைப்பு, கம்யூனிசம் என்று அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், இருக்கட்டும். ஒழுக்கத்துக்காக என்று மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

1998-ல் அதிபர் கிளின்டனின் கள்ளத் தொடர்பு விவகாரம் வெடித்தபோது, அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் சபை மாநாடு கூடி, ஆட்சியில் இருப்பவருக்கு நன்னடத்தை கட்டாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம். அப்புறம் என்ன ஆயிற்று? சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று 2011-ல் ஒரு கருத்துக்கணிப்பு கேட்டபோது, முடியும் என்று சொன்ன வெள்ளை இனச் சுவிசேஷ சபையார் 30 சதவீதம். டிரம்ப் வேட்பாளராக நின்ற 2016-ல் அதே கேள்விக்கு 72 சதவீதம். அஞ்சே வருஷத்தில் வேதம் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார்.

தீர்மானம் போட்ட அந்தச் சபையின் சொந்த வீடாவது சுத்தமாக இருந்ததா? 2022-ல் வெளியான விசாரணை அறிக்கையைப் பார்த்தால் தெரியும். பாலியல் புகாருக்கு ஆளான ஊழியக்காரர்கள் உள்ளிட்ட 700-க்கு மேற்பட்ட பெயர்களைப் பட்டியல் போட்டுத் தலைமை அலுவலகத்தில் ரகசியமாக வைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் கதவைத் தட்டியபோது, "எங்கள் சபைகள் தனித்தனி அதிகாரம் கொண்டவை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு வருமோ என்ற பயம். எனக்கு இதில் கோபம் பாவத்தின் மேல்கூட இல்லை, அந்தப் பட்டியலின் மேல்தான்.

இதை வைத்து விசுவாசமே வெறும் வேஷம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2006 அக்டோபரில், பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், கார் முதலியவற்றைத் தவிர்த்துப் பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஓர் அறைப் பள்ளிக்குள் பால் வண்டி ஓட்டுநர் ஒருவர் துப்பாக்கியோடு புகுந்து, பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தானும் செத்துப்போனார். ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். அன்று மாலையே ஆமிஷ் அண்டை வீட்டார் கொலையாளியின் மனைவியைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். கொலையாளியின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்காரர்கள். தங்களுக்கு வந்த நிதியில் ஒரு பங்கை அந்த விதவைக்கும் ஒதுக்கினார்கள். உயிர் பிழைத்தும் எழுந்து நடக்க முடியாமல் போன ஒரு சிறுமிக்கு, கொலையாளியின் தாயே வாராவாரம் போய்ப் பணிவிடை செய்தார். (இதே ஆமிஷ் சமூகத்தில், வீட்டுக்குள் நடந்த கொடுமைகளை மன்னிப்பின் பெயரால் மூடி மறைத்து, பின்னால் அது கோர்ட்டுக்கு வந்ததும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

ரூபி, அந்த மெதடிஸ்ட் போதகர், இந்த ஆமிஷ் குடும்பங்கள்: இவர்கள் விசுவாசத்துக்கான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். பள்ளி வாசலில் கத்தியவர்களும், பட்டியலைப் பூட்டி வைத்தவர்களும் அதை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். நான் பார்க்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

விசுவாசம் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா என்றால், அமெரிக்காவில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. 2007-ல் 78 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் இப்போது ஏறக்குறைய 62. மதம் எதுவும் இல்லை என்பவர்கள் 29. போதகர் கணக்குப்படி நாடு இந்நேரம் நாசமாகியிருக்க வேண்டும். ஆனால் விவாகரத்து விகிதம் 1980 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிவிட்டது. பதின்வயதுப் பெண்கள் பிள்ளை பெறும் விகிதம் 1991-ல் இருந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வன்முறைக் குற்றங்களும் தொண்ணூறுகளின் தொடக்கத்தைவிட ஏறக்குறைய பாதிதான். கோயில் காலியானதால் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணமே குறைந்ததும் விவாகரத்து குறைய ஒரு காரணம். கோயில் காலியானதால் நாடு கெட்டது என்று அவரும் சொல்ல முடியாது.

பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லி லூசியானா 2024-ல் சட்டம் போட்டது, உங்கள் மகன் இருக்கும் டெக்சாஸ் 2025-ல். டெக்சாஸில் குறைந்தது 16-க்கு 20 அங்குலம் இருக்க வேண்டுமாம். உடனே வழக்குகளும் வந்தன. 1962 தீர்ப்பு வந்தபோது அதிபர் கென்னடியிடம் நிருபர்கள் கருத்து கேட்டார்கள். கைவசம் ஒரு சுலபமான மருந்து இருக்கிறது, நாமே வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஜெபிக்கலாமே என்றார் அவர். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம்பண்ணச் சொல்கிற மத்தேயு ஆறாம் அதிகாரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகன் வீட்டில் தங்கியிருந்த அந்த மாதங்களில் எத்தனை நாள் மாலையில் குடும்ப ஜெபம் நடந்தது என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை.