முதல் புத்தகம் போடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பிறருடைய எழுத்தைப் புத்தகமாக்க உதவுகிறவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மாங்குளம்): அக்கா, 300 பிரதி அடிக்க எவ்வளவு முடியும்?

பதில்: பக்கம், தாள், அட்டை தெரியாமல் சொல்ல முடியாது. இரண்டு மூன்று அச்சகங்களில் கேளுங்கள். பக்கத்தை 16இன் மடங்காக வைத்தால் தாள் வீணாகாது. 98 வந்தால் 96க்குள் அடக்கப் பாருங்கள்.

கேள்வி (துணுக்காய்): ஐ.எஸ்.பி.என். எங்கே எடுப்பது?

பதில்: அது புத்தகத்தின் அடையாள எண். கொழும்பில், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். அட்டை அடிக்க முன் எடுங்கள்.

கேள்வி (விசுவமடு): போனில் தட்டச்சு செய்ததை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் போனில் அடிக்கும் யுனிகோடை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துக் குலையும். தாளில் அச்சடித்துப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். என் முதல் புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் அம்மாவின் பெயரில் ஒரு கொம்பு விடுபட்டுப் போனது. 300 பிரதியிலும் பேனையால் கொம்பு போட்டேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009 மே மாதம், போர் முடிகிற நேரம், வட்டுவாகலில் அம்மா தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த என் அண்ணாவைப் பற்றிய கதைகள் இவை. ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று நான் எழுதியதையெல்லாம் பிழைதிருத்திய சேர் ‘காணாமல் போனவர்’ என்று மாற்றிவிட்டார். விடட்டா?

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. எழுத்துப்பிழை பார்ப்பதுதான் அவர் வேலை. ‘போனவர்’ என்றால் போனது அவர் என்றாகிவிடும். ‘ஆக்கப்பட்டவர்’ என்றால், ஆக்கியது யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே நிற்கும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு அமர்ந்ததும் இந்தக் கேள்வியோடுதான்.

கேள்வி (வவுனியா): அரசாங்கமே ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறது? வழக்கில் உள்ள சொல்லை ஏன் பிழை என்கிறீர்கள்?

பதில்: சேர், அது 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெயர். போரில் காணாமற்போன படையினரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். எல்லாரையும் அடக்க அவர்களுக்குப் பொதுச்சொல் வேண்டியிருக்கலாம். இந்தத் தங்கச்சி எழுதுவது ஒரேயொரு அண்ணாவைப் பற்றி. ஒப்படைத்த பிள்ளை எப்படிக் காணாமல் ‘போவான்’?

கேள்வி (முறிகண்டி): ஆனால் எங்கள் அம்மாமார் கதைக்கும்போது ‘பிள்ளை காணாமல் போயிட்டான்’ என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: உண்மைதான். உரையாடலில் அம்மா சொன்னதை அப்படியே விடுங்கள், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. நான் சொன்னது கதை சொல்கிறவளின் சொல்லைப் பற்றி.

கேள்வி (மல்லாவி): 500 பிரதிக்கு எவ்வளவு வரும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். முதலில் பக்கத்தை எண்ணுங்கள். தாளில் அச்சடித்துப் பாருங்கள்!

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஒருவரும் வாசிக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

பதில்: எனக்கும் அந்தப் பயம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த பொதியைக் கரடிப்போக்குச் சந்தியில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துப் பிறப்புச் சான்றிதழ் தேடி அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கினேன். ஓட வேண்டி வந்தால் முதலில் தூக்குகிற பை அது. போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரைக்கும் எங்களோடு வந்தது. உள்ளே காணி உறுதிக்கு அடியில், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றியபடி, என் புத்தகம் இருந்தது.