திர்பிஞாவுக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வேலை பார்த்த உங்களுக்குக் குரோஷியாவின் கிழக்கு ஓரத்தில், திர்பிஞா ஊராட்சியில் உள்ள கால்நடைப் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் செர்பியர் என்று தெரியவந்ததும், எந்த மொழியைக் கற்பது, பக்கத்து நகரமான வுகோவாரில் அறை எடுப்பதா, ஊரிலேயே தங்குவதா, இவர்களின் பழைய பகைக்குள் நாமும் சிக்கிக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊராட்சியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்துவிட்டு இப்போது குடும்பத்தோடு ஓசியேக் நகரில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரிலேயே தங்குங்கள்.

திர்பிஞா என்பது ஓர் ஊரின் பெயர். அந்த ஊரோடு போபோதா, பிர்ஷாதின், பாச்செத்தின், வேரா, லுத்வின்ச்சி, சேலியே ஆகியவை சேர்ந்த ஏழு ஊர்களின் ஊராட்சிக்கும் அதுவே பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமில்லாத கரிசல் நிலம். கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலத் தோன்றும் சர்க்கரை பீட். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஐயாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் செர்பியர். சேலியே மட்டும் குரோஷியரின் சிற்றூர். 2021 கணக்கெடுப்பில் ஊராட்சியின் மக்கள்தொகை மேலும் இறங்கிவிட்டது. 2013இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இளைஞர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விட்டதால், தெருவில் நடக்கும்போது பூட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டே போகலாம். உங்களை அவ்வளவு தூரத்திலிருந்து அழைப்பதற்குக் காரணமும் அதுதான்.

பகையைப் பற்றிக் கேட்டீர்கள். நடந்ததை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1991இல் யுகோஸ்லாவியா உடைந்தபோது இந்தப் பகுதி செர்பியப் படைகளின் கைக்குப் போனது. அந்த ஆண்டுக் கோடையில் சேலியேயின் குரோஷியக் குடும்பங்கள் விரட்டப்பட்டன, அவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. வுகோவார் 87 நாள் முற்றுகைக்குப் பின் நவம்பர் 18 அன்று வீழ்ந்தது. குரோஷியாவில் செர்பியர் வசமிருந்த மற்றப் பகுதிகளை 1995இல் குரோஷிய ராணுவம் மீட்டபோது அங்கிருந்த செர்பியரில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. 1995 நவம்பர் 12இல் கையெழுத்தான எர்தூத் உடன்படிக்கையின்படி ஐ.நா. இடைக்கால நிர்வாகம் ஏற்படுத்தப்பட்டு, 1998 ஜனவரி 15இல் இப்பகுதி போரில்லாமல் குரோஷியாவோடு மீண்டும் இணைந்தது. இந்த ஊர்களில் செர்பியர் இன்றும் தங்கள் வீடுகளில் வாழ்வது அதனால்தான். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1991இல் 5,81,663 ஆக இருந்த செர்பியர் 2021இல் 1,23,892 பேராகச் சுருங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆனால் யாரிடமும் நீங்களாக எடுத்துப் பேசாதீர்கள். வந்த முதல் குளிர்காலத்தில், என் வீட்டுக்காரப் பாட்டியிடம் "போரின்போது நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா?" என்று அரைகுறை மொழியில் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிவைத்திருந்த காப்பிக் கோப்பையை எடுத்து மறுபடி நெடுநேரம் கழுவினார். யாருடைய மகன் எந்தப் பக்கம் நின்றான், யார் வீட்டில் யார் திரும்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். அதுவரை பொறுத்திருப்பதுதான் மரியாதை.

மொழியில் பெரிய குழப்பமில்லை. குரோஷிய மொழி கற்றால் செர்பிய மொழியும் புரியும். ரொட்டிக்குக் கடைப்பலகையில் 'குரூஹ்' என்றிருக்கும், பாட்டி 'ஹ்லெப்' என்பார். ரயிலுக்கு 'வ்லாக்', 'வோஸ்' என இரண்டு சொற்கள். எதைச் சொன்னாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். அவர்கள் பேசுவதை 'இது குரோஷிய மொழிதானே' என்று மட்டும் திருத்தப் போகாதீர்கள். ஒரு ஊராட்சியில் ஓர் இனச் சிறுபான்மையினர் மூன்றிலொரு பங்கு இருந்தால் அவர்களின் மொழிக்கும் எழுத்துக்கும் அங்கே சம உரிமை உண்டு என்று 2002ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆகவே இங்கே செர்பியர் தங்கள் மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துக்கும் அலுவல் உரிமை உண்டு. பிள்ளைகளும் செர்பிய மொழியிலேயே படிக்கிறார்கள். ஆங்கில எழுத்து என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துவிடுவீர்கள்: 'எச்' போலிருப்பது 'ந்', 'சி' போலிருப்பது 'ஸ்'. ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

நாள்காட்டியைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். டிசம்பர் 25 அன்று முட்டையும் வெண்ணெயும் போட்ட கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். இரண்டு கைகளாலும் வாங்கி, வெள்ளைத் துணியால் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார், எனக்குக் காப்பி போட்டுத் தந்தார், துணியை விலக்கவேயில்லை. மறுநாள் அவருடைய பேத்தி விளக்கினாள்: செர்பியரின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7, நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை நோன்பு, நோன்பு இருப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால் பொருள் எதையும் தொட மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 19 அன்று அவரே என்னைக் கூப்பிட்டார். அன்று புனித நிக்கோலாஸ் நாள், அவர் குடும்பத்தின் ஸ்லாவா. நமக்குக் குலதெய்வம் இருப்பதுபோல அவர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர். தந்தைவழியாக வரும் நாள். மேசையில் எரியும் மெழுகுவத்தி, பூவேலை செய்த ரொட்டி, சிவப்பு ஒயின். உள்ளே நுழைந்ததும் வேகவைத்து அரைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் கலந்த கோதுமையை நீட்டினார்கள். ஒரு கரண்டி தின்றுவிட்டு, அந்தக் கரண்டியைப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் கண்ணாடிக் குவளைக்குள் விட வேண்டும். நம் காப்பரிசியை நினைவூட்டும் சுவை. நோன்புக் காலமாதலால் மீனும் வெங்காயம் போட்டுச் சுட்ட பீன்ஸும்தான் விருந்து. அழைத்தால் அரைக் கிலோ காப்பித்தூளோ ஒரு புட்டி ஒயினோ கொண்டுபோய், "ஸ்ரெச்னா ஸ்லாவா" என்று சொல்லுங்கள். ஒருமுறை போனவரை மறு ஆண்டு அழைப்பதில்லை. நாம் நினைவு வைத்துப் போக வேண்டும். வுகோவாரில் அறை எடுத்திருந்தால் எனக்கு இதெல்லாம் வாய்த்திருக்காது.

அதே அளவு கவனம் நவம்பர் 18க்கும் வேண்டும். அன்று பொது விடுமுறை. குரோஷியர்கள் வுகோவாரில் தங்கள் மாண்டவர்களுக்காக விளக்கேற்றி அமைதியாக நடப்பார்கள். அன்று பாட்டுப் போட்டுக் கூத்தடிக்காதீர்கள். உங்கள் பண்ணையில் இரு தரப்பாரும் சேர்ந்தே வேலை செய்யலாம். இருவர் துயரத்துக்கும் தலைவணங்குவதில் உங்களுக்கு எந்த இழப்புமில்லை.

இனி நடைமுறை. வந்தவுடன் 11 இலக்க அடையாள எண்ணை வாங்கிக்கொண்டு, முதலாளி உங்களை ஓய்வூதியக் காப்பீட்டிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பதிந்துவிட்டாரா என்பதைத் தாளில் பார்த்து உறுதிசெய்யுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பேருந்து பள்ளி நாள்களை ஒட்டியே ஓடுவதால் ஒரு பழைய மிதிவண்டி அவசியம். புறப்படும் தேதி உறுதியானதும் எனக்கு எழுதுங்கள். பாட்டி காலமாகிவிட்டார்; பேத்தி ஜெர்மனியில் இருக்கிறாள்; அந்த வீட்டின் பின்கட்டு அறை பூட்டியே கிடக்கிறது. உங்களுக்காக அவளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.