பவர் கேட்கிறார் தரகர், கொடுக்கலாமா?

கேள்வி: தேவிபட்டினத்தை அடுத்த கிராமத்தில், கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நன்செய் என் கணவர் வாங்கியது. உயில் எழுதாமல் அவர் காலமாகிவிட்டார். பக்கத்து வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. “பவர் எழுதிக் கொடுங்கள், மனை விற்க விற்கப் பணம் தருகிறேன்” என்கிறார் தரகர். வளைகுடாவில் இருக்கும் மகன்கள் இருவரும் சம்மதிக்கச் சொல்கிறார்கள். மகள் மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். மழை பொய்த்த ஆண்டுகளைத் தாங்கியவர் நீங்கள். விற்காதீர்கள் என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால், தரகர் சொல்லும் முறையில் மட்டும் விற்க வேண்டாம்.

பவர், அதாவது உங்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்தபின் மனைகளைத் தரகர் விற்றாலும், ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் விற்பவராக இருக்கப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். அவர் முகவர் மட்டுமே. சாலை போடவில்லை, அங்கீகாரம் இல்லை என்று மனை வாங்கியவர் வழக்குத் தொடுத்தால் அழைப்பாணை உங்கள் வீட்டுக்கே வரும். மனை விற்காவிட்டாலோ, கல் ஊன்றிய வயலில் உழவும் முடியாது, பணமும் வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், எண்ணிட்ட கற்களுக்கிடையே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைப்பிரிவுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நன்செயை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், விளம்பரம் செய்வதற்கு முன்பே ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடுகளும் சேரும். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பது இவை எதற்கும் பதிலாகாது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். உங்கள் மாவட்டத்தில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குப் பல இடங்களில் நீர்வரத்து உண்டு. உங்கள் வயலின் வழியாகவோ ஓரமாகவோ வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) செல்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் பாருங்கள். பட்டாவில் இல்லாத பழைய ஓடைகளைப் பக்கத்து வயல்காரர்களிடம் கேட்டறியுங்கள். அந்த நீர்வழியை மண்ணடித்து மேடாக்கினால், ஐப்பசி மழையில் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் போகாது. அங்கே வீடு கட்டுகிறவரின் வாசலில்தான் அது நிற்கும். இதை மறைத்து விற்பது முறையல்ல.

இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், உங்களுக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமப் பங்கு உண்டு. மாமியார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகளிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அவரிடம் பேசுங்கள். அவர் கையெழுத்தில்லாமல் விற்பனை முழுமையடையாது.

விற்பதென்று முடிவானால் ஒரே கிரயமாக, முழுத்தொகையும் பதிவன்றே வங்கி வழியாக வரும்படி விற்றுவிடுங்கள். பவர் எழுதியே ஆக வேண்டுமென்றால், மகன்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று உங்கள் பெயருக்கு எழுதட்டும். பேச்சு முடியும்வரை நிலத்தைத் தரிசாகப் போட வேண்டாம். ஆவணியில் வழக்கம்போல் புழுதி விதைப்பு நடக்கட்டும், அதனால் விலை குறைந்துவிடாது.