பீரோவில் பூட்டிய செல்பேசி

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிவிட்டு வந்ததும் என் செல்பேசியில் ஃப்ரீ ஃபயர் ஆட உட்கார்ந்துவிடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘இந்த ஒரு மேட்ச் முடியட்டும்’ என்கிறான். போன வாரம் கையிலிருந்து பிடுங்கியபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். என் கணவர் செல்பேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படிப்பில் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட்டுக்கும் போகிறான். ஆனாலும் அடிமையாகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது. சீனாவைப் போல அரசாங்கமே இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தால் என்ன?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், ஈரோடு

அன்புள்ள சகோதரி,

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின் மீதான கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும் அதற்காகப் புறந்தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓராண்டு காலமாவது நீடித்து, படிப்பையும் உறவுகளையும் குலைத்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். நான் மருத்துவன் அல்லன்; ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பசி நேரத்துக் கோபத்துக்கு மேல் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சீனாவில் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று 2021இல் விதித்தார்கள். அதைவிடத் தென்கொரியாவின் அனுபவமே நமக்கு அதிகம் உதவும். 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆடக் கூடாது என்று 2011இல் அங்கே சட்டம் வந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். சட்டம் கணினியைக் காவல் காத்துக்கொண்டிருக்க, ஆட்டம் செல்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டது (பிள்ளைகளின் நலனுக்காக அல்ல, தேசப் பாதுகாப்பின் பெயரால்). அதன் மறுவடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உங்கள் மகன் ஆடுவதும் அநேகமாக அதுவே.

ஆகவே பொறுப்பு சுற்றிச் சுற்றி வீட்டுக்கே வருகிறது. ஆனால் வீட்டில் யாராவது அந்த ஆட்டத்தை ஒருமுறையேனும் முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? 50 பேர் வரை ஒரு தீவில் இறங்கி, பாதுகாப்பு வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள். சுமார் 10 நிமிடங்களில் முடிந்துவிடும், நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. நான்கு பேர் அணியில் ஆடும்போது அவன் பாதியில் எழுந்தால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் வகுப்புத் தோழர்களாக இருந்தால் மறுநாள் பள்ளியில் அவன் பதில் சொல்லியாக வேண்டும். கடைசி ஓவரில் மட்டையைப் பிடுங்கினால் எந்தப் பையனும் கத்தத்தான் செய்வான். எனவே ‘இந்த மேட்ச் முடியட்டும்’ என்பது சாக்கு அல்ல. சாக்கு அடுத்த மேட்ச்சில்தான் ஆரம்பிக்கிறது. கடிகாரத்தைக் காட்டாமல், சாப்பாட்டுக்கு முன் மூன்று மேட்ச் என்று அவனோடு பேசி முடிவுசெய்யுங்கள். உங்கள் கணவரையும் ஒருநாள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். குரல்வழி அரட்டையில் பேசுவது தோழர்களா, முகம் தெரியாத பெரியவர்களா என்பது அப்போதுதான் தெரியவரும். பீரோவைப் பூட்டினால் அவன் நண்பன் வீட்டில் ஆடுவான், அங்கே உங்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது நேரமல்ல, பணம். ஃப்ரீ ஃபயரில் பணம் கொடுத்து வாங்கும் டைமண்டுகள் என்ற விளையாட்டு நாணயங்களைச் செலவழித்துச் சுழற்றும் லக் ராயல் என்ற பரிசுக் குலுக்கலில், என்ன பரிசு விழும் என்று முன்கூட்டித் தெரியாது. விளையாட்டுகளில் காசு வாங்கிக்கொண்டு தரும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டமாகக் கருதியது. ஃபோர்ட்நைட் என்ற இன்னொரு விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்தது, ஆடுபவர்களை ஏமாற்றி வாங்கவைக்கும்படி பொத்தான்களை அமைத்தது ஆகிய குற்றச்சாட்டுகளுக்காக 2022இல் அமெரிக்காவில் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அத்தனை திறமைசாலிகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது 13 வயதுப் பையனிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை. செல்பேசி உங்களுடையது என்பதால் யுபிஐயும் அதில்தான் இருக்கும். ரகசிய எண் மகனுக்குத் தெரியுமென்றால் இன்றே மாற்றிவிடுங்கள். பிளே ஸ்டோரிலும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.