வெண்கலப் பானையும் எக்ஸெல் கட்டமும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். எம்.பி.ஏ. முடித்து வந்த என் மகன் நேர்மை, மரியாதை, வேகம் என்று ஆளாளுக்கு எக்ஸெல்லில் மார்க் போட்டிருக்கிறான். 19 வருஷமாக இருக்கும் பெரியவர் கம்ப்யூட்டர் பில்லில் தடுமாறுவதால் அவருக்குக் கடைசி இடம். அதிகம் விற்கிற பையனுக்கு முதலிடம். ஆனால் அவன் கூட வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளை எடுத்தெறிந்து பேசுவான். பழைய பித்தளை எடை போடும்போது கை வைக்கிறான் என்றும் காதில் விழுகிறது. பெரியவரை நிறுத்திவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

எஸ்.

வணக்கம் அண்ணாச்சி,

நிறுத்தாதீர்கள். இந்த வேலைக்கு இவர் சரிப்படுவாரா என்பது ஒரு கேள்வி, இந்தக் கடைக்கு இவர் சரிப்படுவாரா என்பது வேறு கேள்வி. தம்பி இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், வருஷாவருஷம் கடைசிப் பத்து சதவீதம் பேரை வெளியே அனுப்பச் சொன்ன மனுஷன். அவரே, கம்பெனியின் நெறியோடு ஒத்துப்போகிறவர் இலக்கைத் தவறவிட்டால் இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம், விற்பனையைக் காட்டிக்கொண்டே நெறியை மிதிக்கிறவரைத்தான் அனுப்பியாக வேண்டும் என்றார்.

தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க உங்கள் கடைக்குத்தான் வந்தோம். நாங்கள் எடுத்து வைத்த வெண்கலப் பானையைப் பெரியவர் கவிழ்த்து, விரலால் சுண்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார், மறுபடி சுண்டினார், ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கண்ணுக்கு அதில் ஒரு கீறலும் தெரியவில்லை. அதற்கு எந்தக் கட்டத்தில் மார்க்?

நானும் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தவன். சேலை எடுத்துப் போடுவதில் கெட்டிக்காரன் என்று சூப்பர்வைசர் ஆக்கினார்கள், ஆட்களை வேலை வாங்கத் தெரியவில்லை, எட்டாவது மாதம் லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பழைய இடத்துக்கே போகிறாயா என்று ஒருத்தர் கேட்டிருந்தால் போயிருப்பேன். இன்னமும் அது ஆறவில்லை.

மார்க்கை அழித்துவிட்டு, ஒவ்வொரு பேருக்கு நேரேயும் இந்த மூன்று மாதத்தில் கண்ணால் கண்ட இரண்டு சம்பவத்தைத் தம்பியை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையன் விஷயத்திலும் அப்படித்தான், காதில் விழுந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தராசை வாடிக்கையாளர் பார்க்கத் திருப்பி வையுங்கள், ஒரு வாரம் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், பெண்பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1947ஆம் வருஷக் கடைகள் சட்டமே சொல்கிறது. ஒழுங்கீனம் என்றால் விசாரித்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் அந்தப் பிள்ளைகளைப் பேசும்போது நீங்கள் கல்லாவில்தானே இருந்திருப்பீர்கள்? நீங்கள் வாயைத் திறக்காததைத்தான் மற்ற பத்துப் பேரும் கவனித்திருப்பார்கள். அவர்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா? 2021இல் அதற்கும் சட்டத் திருத்தம் வந்தாயிற்று.

ஆவணி முகூர்த்தத்துக்குள் பெரியவரைப் பில்லிலிருந்து எடுத்து, சீர்ப் பாத்திரம் பார்க்கிற இடத்தில் போடுங்கள். சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். அதைச் சொல்ல மகனை அனுப்பாமல், கடை அடைத்து எல்லோரும் போன பிறகு, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.